அது அசட்டுச் சிரிப்பு அன்று

'அசட்டுச் சிரிப்பு' என்னும் சொற்றொடரை மருத்துவமனைக்குள் எவரும் எவரைக் குறித்தும் சொல்லாதிருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மருந்தையும் உணவுமுறையையும் காப்பீட்டுத் திட்டத்தையும் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் ஒரு சொல்லைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இந்தச் சொல் நோயாளிகளையும் அவர்களுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களையும் நாள்தோறும் புண்படுத்துகிறது. சில வேளைகளில் சிகிச்சையையே வழி தவறச் செய்கிறது. ஆகவேதான் எழுதுகிறோம்.

எந்தச் சிரிப்பைச் சொல்கிறோம் என்பது மருத்துவமனையில் ஒரு வாரம் தங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் மருத்துவர் வந்து நின்று, "அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யலை, இனிமே டயாலிசிஸ்தான்" என்கிறார். மூத்த மகனின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் தாய்மாமன், "எதுக்குடா இளிக்கிற?" என்று அதட்டுகிறார். மார்பில் உள்ள கட்டியைப் பற்றிக் கேட்டதும் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். நாளைக்கு அறுவை சிகிச்சை என்று இருக்கும் பெரியவர், மயக்க மருந்து நிபுணர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் தலையை ஆட்டிச் சிரிக்கிறார். ஊசியைக் கண்ட சிறுவன் கெக்கலித்துச் சிரித்துவிட்டு, அடுத்த நொடியில் அலறுகிறான். இவற்றுள் ஒன்றில்கூட வேடிக்கை ஏதும் இல்லை. ஆயினும் அறைக்கு வெளியே வந்ததும் யாரேனும் ஒருவர், "அசட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டு நின்னான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அச்சொல் சொந்தமாக வாழும் இடம் வேறு. கடையில் பணப்பை இல்லாமல் கையைப் பையில் விட்டுத் துழாவுகிறவர், தெருவில் வேறு ஒருவரை நண்பரென்று எண்ணித் தோளில் தட்டிவிட்டவர், விருந்தினர் வருமுன் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுப் பிடிபட்ட பிள்ளை ஆகியோர் சிரிப்பதே அசட்டுச் சிரிப்பு. முகத்தில் அசடு வழிகிறது என்கிறோம். எண்ணெய் வழிவது போல அது தானாக வழிகிறது; துடைத்தாலும் மறைவதில்லை. அந்த இடங்களில் அச்சொல் கடுமையானதும் அன்று. தாய் தன் பிள்ளையை 'அசடு' என்று அழைக்கும்போது அதில் பாதிக்கு மேல் செல்லமே இருக்கும். சிறு பிழை, சிறு நாணம், சிறு சிரிப்பு என்ற அளவில் அது நல்ல சொல்தான்.

தமிழில் சிரிப்பின் வகைகளுக்குப் பெயர் பஞ்சமில்லை. முறுவல், புன்னகை, குறுநகை, வெடிச்சிரிப்பு என்பன சிரிப்பின் அளவையும் ஓசையையும் கூறுகின்றன. நமட்டுச் சிரிப்பும் ஏளனச் சிரிப்பும் சிரிப்பவரின் உள்நோக்கத்தைக் கூறுகின்றன. வறட்டுச் சிரிப்பு என்னும்போது அதில் ஈரமில்லை என்று சிரிப்பையே குறை சொல்கிறோம். அசட்டுச் சிரிப்பு என்னும்போது மட்டும் சிரித்தவரையே எடைபோட்டுவிடுகிறோம். அவர் அசடு; ஆகையால் அவருடைய சிரிப்பும் அசட்டுச் சிரிப்பு. தந்தையின் உயிர் ஊசலாடும் வேளையில் மகனின் மீது வந்து விழும் பெயர் இது.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பிரிக்கிறது. அவற்றுள் நகை முதலாவது, அழுகை அதற்கு அடுத்தது, அச்சம் ஐந்தாவது, உவகை எட்டாவது. நகையையும் உவகையையும் தனித்தனி இடங்களில் வைத்ததை நாம் கவனிக்க வேண்டும். சிரிப்பவர் எல்லாரும் மகிழ்ச்சியில் சிரிப்பவர் அல்லர் என்ற உண்மை நம் இலக்கண மரபில் ஏறியிருக்கிறது. ஆனால் நகை எதனால் பிறக்கிறது என்று சொல்லும் இடத்தில் நான்கு காரணங்களே தரப்படுகின்றன: பிறரை எள்ளுதல், இளமைத் தன்மை, பேதைமை, மடமை. அச்சத்தால் பிறக்கும் நகை அந்தப் பட்டியலில் இல்லை. அச்சத்தில் சிரிப்பவனைக் கண்டால், மிஞ்சியிருக்கும் பேதைமை, மடமை என்ற பெட்டிகளில் ஒன்றில்தான் போட வேண்டியிருக்கிறது. நம் பேச்சுமொழி இன்றுவரை அதையே செய்து வருகிறது. இலக்கண நூல் செய்யுளில் வரும் மெய்ப்பாடுகளை வகுப்பதற்காக எழுந்தது; தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலுக்காக எழுந்ததன்று. அதன் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

அச்சத்திலும் அதிர்ச்சியிலும் சிரிப்பு வரும் என்பதற்குச் சான்றுகள் வேண்டிய அளவு உள்ளன. 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி நூல் எழுதிய சார்லஸ் டார்வின், அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு பாரிஸ் முற்றுகையில் இருந்த ஜெர்மானியப் படைவீரர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பெரும் ஆபத்தில் நின்று மீண்ட பிறகு, அவர்கள் மிக அற்பமான வேடிக்கைக்கும் வெடித்துச் சிரித்தார்களாம். அவர்களை அசடுகள் என்று எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. போர்க்களத்தில் சிரித்தால் வீரம், மருத்துவமனையில் சிரித்தால் அசடு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம் போலும்.

இன்னும் தெளிவான சான்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியலாளர் 1961இல் தொடங்கி, 1963இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆய்வுக்கு வந்த ஆண்களிடம், அடுத்த அறையில் இருப்பவர் விடை தவறாகச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்அதிர்ச்சி தரும்படியும், ஒவ்வொரு முறையும் அதன் அளவைக் கூட்டும்படியும் சொன்னார்கள். உண்மையில் எவருக்கும் மின்சாரம் பாயவில்லை. பொத்தானை அழுத்துபவருக்கு மட்டும் அது தெரியாது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அப்படியே அனுமதிக்காது என்பது வேறு செய்தி. அந்த முதல் ஆய்வில் பங்கேற்ற 40 பேரில் 14 பேரிடம் பதற்றத்தால் எழுந்த சிரிப்பும் இளிப்பும் தெளிவாகக் காணப்பட்டன. மூவருக்கு அடக்கவே முடியாதபடி வலிப்பு வந்தது போன்ற சிரிப்பு வந்தது. அவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், அவற்றோடு சிரித்தார்கள். ஆய்வு முடிந்த பிறகு, பிறரை வதைப்பதில் தமக்கு இன்பம் இல்லை என்றும், அந்தச் சிரிப்புக்கு அது பொருள் அன்று என்றும் அவர்களே வருந்தி விளக்கினார்கள். தந்தையைப் பற்றிய செய்தி கேட்டுச் சிரித்த மகன் தாய்மாமனிடம் சொல்ல முடியாமல் விழுங்கும் விளக்கமும் இதுவே.

சிரிப்பு என்பதே வேடிக்கைக்கான விடை என்று நாம் எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. ராபர்ட் புரோவைன் என்னும் அமெரிக்க நரம்பியலாளர் கடைவீதிகளிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் மக்கள் இயல்பாகச் சிரித்த 1,200 தருணங்களைப் பதிவு செய்யச் செய்தார். அவற்றுள் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்த சிரிப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவையெல்லாம் 'சரி, அப்புறம் பார்ப்போம்', 'நான் கிளம்பறேன்' போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின் வந்தவை. மனிதர்கள் பெரும்பாலும் மற்றொரு மனிதரை நோக்கியே சிரிக்கிறார்கள். மருத்துவரின் முன் அமர்ந்திருப்பவரும் அப்படியே.

உடலின் பக்கமிருந்தும் சிறிது சொல்ல வேண்டும். நாமாக வேண்டுமென்று சிரிப்பதற்கும், தானாக எழும் சிரிப்புக்கும் மூளையில் வழிகள் வேறு. பக்கவாதம் வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் சிலர் இதை நேரிலேயே கண்டிருப்பீர்கள். "எங்கே, சிரிங்க பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால் வாயின் ஒரு பக்கம் மட்டும் உயர்கிறது. அன்று மாலை பேரக்குழந்தை ஏதோ செய்ய, அதே முகத்தில் இரு பக்கமும் மலர்ந்துவிடுகிறது. எல்லாருக்கும் அப்படி நிகழ்வதில்லை. நிகழும்போது, அது நடிப்போ பிடிவாதமோ அன்று. கட்டளைக்குக் கீழ்ப்படியும் வழி பழுதுபட்டிருக்கிறது, உணர்ச்சி செல்லும் வழி பிழைத்திருக்கிறது. அந்த இரண்டாவது வழி, அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதிகளோடு நெருங்கிப் பிணைந்தது. அதிர்ச்சியில் அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து நிற்பதும் அதனால் முற்றிலும் வியப்புக்குரியதன்று. இரண்டும் மூச்சை வெட்டி வெட்டி வெளியேற்றுபவை. இரண்டிலும் உதரவிதானம் குலுங்குகிறது, கண்ணில் நீர் வருகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒருவர் குலுங்கிச் சிரிக்கிறாரா, குலுங்கி அழுகிறாரா என்பது பல நேரங்களில் தெரிவதில்லை.

இதில் பண்பாடு சேரும் இடமும் உண்டு. 1890இல் ஜப்பானுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்த லஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர், ஜப்பானியர் புன்னகையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு பணிப்பெண்ணின் செய்தியைத் தருகிறார். ஐரோப்பியர் வீட்டில் வேலை செய்த அப்பெண், கணவன் இறந்துவிட்டதாகவும் இறுதிச் சடங்கிற்குப் போக வேண்டும் என்றும் புன்னகையோடு விடுப்புக் கேட்டாள். திரும்பி வந்து, சாம்பல் கலயத்தைக் காட்டி, இதுதான் என் கணவர் என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டு எசமானி அருவருத்துப் போனாள். ஹெர்ன் தரும் விளக்கமோ வேறு. என் துயரம் உங்களை வருத்த வேண்டாம் என்பதே அந்தச் சிரிப்பின் பொருள்; தன் துக்கத்தைப் பிறர் மீது இறக்கி வைப்பது மரியாதையன்று என்று வளர்க்கப்பட்டவளின் சிரிப்பு அது.

நம் ஊரில் ஒப்பாரி உண்டு, மாரடித்து அழுவதும் உண்டு. துக்கத்தை அடக்குவது நம் வழக்கமன்று என்று சொல்லலாம். ஆனால் வார்டில் வந்து பாருங்கள். "எப்படி இருக்கீங்க பாட்டி?" என்று பயிற்சி மருத்துவர் கேட்டால், எலும்பு முறிந்து கிடக்கும் பாட்டி, "இருக்கேன் தம்பி, எனக்கென்ன" என்று பொக்கை வாயால் சிரிக்கிறார். இந்தச் சின்னப் பையன் நம்மால் சங்கடப்படக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஹெர்ன் கண்ட பணிப்பெண்ணும் இப்பாட்டியும் ஒரு விதத்தில் உறவினர்தாம்.

பெயரை மாற்றினால் என்ன பயன், உணர்ச்சி மாறிவிடுமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். சொல் மாறியதும் உலகம் மாறிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. சென்னையில் ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஒரே காரணத்தால் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். புதிய சொல் கொடுத்தாலும் அதையும் வசையாக்கும் திறமை நமக்கு உண்டு. ஆயினும் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் வழக்கிற்கு வந்த பின், பழைய சொற்களைச் சொல்ல நா கூசுகிறது என்பதும் உண்மை. அந்தக் கூச்சம் ஒரு நொடி நிறுத்தி வைக்கிறது. மருத்துவமனையில் எங்களுக்கு வேண்டுவதும் அந்த ஒரு நொடிதான்.

ஏனெனில் 'அசட்டுச் சிரிப்பு' என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. அசடு சிரிக்கிறது, அவ்வளவே. 'பதறிப்போய்ச் சிரிக்கிறார்' என்று சொன்னால், எதற்குப் பதறுகிறார் என்று கேட்க வேண்டியதாகிறது. சிகிச்சைக்கு வேண்டியது அந்தக் கேள்வி.

அறுவை சிகிச்சைக்கு முந்திய நாள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி தலையை ஆட்டுகிறார், சிரிக்கிறார், "சரிங்க டாக்டர், சரிங்க" என்கிறார். எல்லாம் விளங்கிவிட்டது என்று எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் தன் மனைவியிடம், "என்ன பண்ணப் போறாங்கன்னு நீ கேட்டியா?" என்கிறார். அவருக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் துணிவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் சிரிப்பு நிரப்பியது. சிரிப்பை இசைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "இப்போ நான் சொன்னதை உங்க வார்த்தையிலே ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கேட்பதே முறை. மருத்துவர் கேட்காவிட்டால் துணையாக இருப்பவர் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. "டாக்டர், அவர் பயத்துல சிரிக்கிறார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ஒரு மகள் சொன்னால், கோபித்துக்கொள்ளும் மருத்துவர் கோபித்துக்கொள்ளட்டும்.

வலியிலும் இதே கதை. "நெஞ்சுல லேசா பிடிச்சாப்ல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரை வீட்டார் வாயுப்பிடிப்பு என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். சிரிக்கிறாரே, பெரிதாக ஒன்றும் இராது என்பது கணக்கு. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலும் வரக்கூடும். நெஞ்சில் பிடிப்பு, மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை ஆகியவற்றைச் சொல்பவர் சிரித்துக்கொண்டு சொல்கிறாரா, அழுதுகொண்டு சொல்கிறாரா என்று பார்க்க வேண்டியதில்லை. உடனே அழைத்து வர வேண்டும்.

மலம், சிறுநீர், மாதவிலக்கு, தாம்பத்தியம், மது ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு வரும் சிரிப்பு இன்னொரு வகை. இதில் அச்சத்தோடு நாணமும் கலந்திருக்கிறது. நாணத்தால் வரும் சிரிப்பு பெரும்பாலும் விடைக்கு முன்னால் வரும் ஒரு திரை. அதைக் கண்டு கேள்வியைக் கைவிட்டால் விடை உள்ளேயே தங்கிவிடும். "எவ்வளவு குடிப்பீங்க?" என்ற கேள்விக்குச் சிரிப்பு மட்டும் விடையாக வந்தால், உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மீண்டும் கேட்டால் போதும். பெண்களிடம் கேட்கும்போது மாமியார் வெளியே போனதும் சிரிப்பும் போய்விடுவதைச் செவிலியர்கள் நன்கு அறிவார்கள்.

செவிலியர் அறையிலிருந்து சிரிப்பொலி கேட்பது குறித்து உறவினர் சிலர் வருந்துவதுண்டு. ஒரு படுக்கையில் உயிர் பிரிந்த அரை மணியில் அடுத்த அறையில் சிரிப்பா என்று கேட்கிறார்கள். அதுவும் பல வேளைகளில் பதற்றச் சிரிப்பே. ஓர் இரவில் இரண்டு மரணங்களைக் கண்டவர்கள் மூன்றாவது நோயாளியிடம் போவதற்கு முன் விடும் மூச்சு அது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பைத் துக்கத்தில் இருப்பவர்கள் தலையில் சுமத்துவது முறையன்று. கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்களே.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். கெட்ட செய்தி கேட்டு உங்களில் ஒருவர் சிரித்துவிட்டால், அதை ஒரு கதையாக்கி வைக்காதீர்கள். "அப்பா போயிட்டாருன்னு சொன்னப்ப சிரிச்சவன்தானே நீ" என்ற ஒரு வாக்கியம் பதினாறாம் நாள் காரியத்தில் தொடங்கி, பாகப்பிரிவினை வரை வந்துவிடும். சிரித்தவருக்கு அந்தச் சிரிப்பை விடப் பெரிய தண்டனை வேறில்லை. இரவில் படுத்ததும் அதுவே நினைவுக்கு வருகிறது. தனக்கு அன்பே இல்லையோ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். மனநல ஆலோசகரிடம் வருபவர்களுள் சிலர் இதைச் சொல்வதற்கே பல அமர்வுகள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அவரை உட்கார வைப்பதும், தண்ணீர் கொடுப்பதும், கையைப் பற்றிக்கொள்வதுமே போதும். அதட்டினால் சிரிப்பு நிற்காது; அடக்க முயன்றால் பீறிட்டு வரும் இயல்பு அதற்கு உண்டு. சிரித்தவரும் நீண்ட மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "எனக்குப் பதற்றம் வந்தா சிரிப்பு வந்துடும்" என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் சிரிப்பு சற்றுத் தணியும்.

பல மருத்துவமனைகளின் சுவரில் எழுதி வைத்திருக்கும் பழமொழி ஒன்று உண்டு: வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும். திருக்குறளில் இடுக்கணழியாமை அதிகாரமும் துன்பம் வரும்போது நகைக்கச் சொல்கிறது. நோயாளிக்குத் தைரியம் சொல்ல வருபவர்கள் இரண்டையும் தவறாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வள்ளுவர் சொன்ன நகை, துன்பத்தின் முன் நிமிர்ந்து நின்று ஒருவர் தாமே தெரிந்தெடுப்பது. நாம் பேசிக்கொண்டிருக்கும் சிரிப்பு எவரும் தெரிந்தெடுப்பதன்று. அது வந்து விழுவது. ஒன்றைப் போற்றுவதற்காக மற்றொன்றை இகழ வேண்டியதும் இல்லை, இரண்டையும் ஒன்றென்று மயங்க வேண்டியதும் இல்லை. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்தச் சுவர் வாசகம் பொருந்தவே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் இருமினாலும் சிரித்தாலும் ஒரு தலையணையைத் தையலின் மீது அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பதற்றச் சிரிப்பு என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாத சிரிப்புகளும் உண்டு. பக்கவாதம், தலைக்காயம், பல்கூறு நரம்பிய விறைப்பு, இயக்க நரம்புக் கோளாறு போன்றவற்றுக்குப் பின் சிலர் காரணமின்றித் திடீரெனச் சிரிக்கிறார்கள், அல்லது அழுகிறார்கள். மனத்தில் இருக்கும் உணர்ச்சிக்கும் முகத்தில் வருவதற்கும் தொடர்பு இராது. துக்கச் செய்தி எதுவும் இல்லாதபோதும் அது வரும், நிறுத்த முடியாமல் சில நிமிடங்கள் நீடிக்கும். இது மூளையின் கட்டுப்பாட்டு வழிகளில் ஏற்பட்ட பழுது. இதற்கு மருந்து உண்டு. அமெரிக்காவில் 2010இல் இதற்கென்றே ஒரு மருந்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் சிலவும் பயன்படுகின்றன. குழந்தைகளில் அரிதாக ஒரு வகை வலிப்பு நோய் சிரிப்பாகவே வெளிப்படுகிறது. குழந்தை தூக்கத்திலோ விளையாட்டின் நடுவிலோ ஒரே மாதிரி, மகிழ்ச்சியற்ற சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரித்து, அந்நேரத்தில் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கைபேசியில் ஒரு காணொளி எடுத்து வந்தால் மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும். இத்தகைய குழந்தைகளையும் முதியவர்களையும் 'அசட்டுச் சிரிப்பு' என்று சொல்லியே பல மாதங்கள் வீட்டில் வைத்திருந்துவிடுகிறார்கள்.

சரி, அந்தச் சொல்லுக்குப் பதில் வேறென்ன சொல்வது? 'அச்சச் சிரிப்பு' என்று எங்களுள் சிலர் சொன்னார்கள். எல்லாரும் அச்சத்தாலேயே சிரிப்பதில்லை; நாணமும் அதிர்ச்சியும் மரியாதையும் அதில் உண்டு. 'நடுக்கச் சிரிப்பு' என்பது அழகாக இருக்கிறது, ஆனால் நரம்புத் தளர்ச்சி என்று மயங்கக்கூடும். 'பதற்றச் சிரிப்பு' என்பதே இப்போதைக்குப் பொருந்துகிறது. அந்த நேரத்தில் அவருக்கு நேர்ந்தது இன்னது என்று மட்டும் அது சொல்கிறது. இதில் இலக்கியத் தமிழைவிடத் தெருத்தமிழ் முந்திக்கொண்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "டென்ஷன்ல சிரிச்சிட்டான் சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தன் நண்பனுக்காகப் பரிந்து பேசும்போது, எங்கள் நீண்ட கட்டுரையின் வேலையை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் இச்சிரிப்புக்கு வேறு வேறு பெயர்கள் இருக்கக்கூடும். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், இதற்கு வசையில்லாத ஒரு சொல் வழங்கினால் அதை ஒரு தாளில் எழுதி, வெளிநோயாளிப் பிரிவு வரவேற்பு மேசையில் உள்ள இதழ்ப் பெட்டியில் இடும்படி வேண்டுகிறோம். யார், எந்தச் சூழ்நிலையில், யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதையும் இரண்டு வரி எழுதினால் நன்று. பெயர் எழுத வேண்டியதில்லை.